பொருத்துதலும் பொருத்தமும்: வீட்டில் கட்டிய மகிழுந்துக்கு வேறோர் எஞ்சின்



'பொருத்து', 'பொருத்தம்' என்னும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். முன்னது கை செய்யும் வேலை. பின்னது அறிவு முன்கூட்டியே கண்டறிய வேண்டிய நிலை. திருமணப் பேச்சில் பொருத்தம் பார்த்த பின்னரே நாள் குறிக்கிறோம். இயந்திரப் பட்டறையிலோ இவ்வரிசை பல வேளைகளில் தலைகீழாகிவிடுகிறது. முதலில் பொருத்திவிட்டு, அதன் பின்னரே பொருத்தம் உண்டா என்று தேடத் தொடங்குகின்றனர். இதனால் வரும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. சாலையில் அது உயிரிழப்பாகவும் முடியக்கூடும்.

ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே கட்டிய மகிழுந்திலிருந்து பழைய எஞ்சினையும் கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு, வேறு வண்டிகளுக்கென உருவாக்கப்பட்டவற்றை ஏற்றும் பணியே இவ்வுரையின் பொருள். ஓர் உறுப்பை மாற்றுகிறவர் உண்மையில் அவ்வுறுப்பைச் சூழ்ந்த உறவுகள் அனைத்தையும் மாற்றுகிறார் என்பதே நான் நிறுவ விரும்பும் கருத்து. அதனை விளக்க இப்பணியினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொகுப்பு மகிழுந்தின் பிறப்பு

தொழிற்சாலையில் முழுமையாக முடிக்கப்பெறாமல் பகுதிகளாக வாங்கப்பட்டு, உரிமையாளராலேயே கட்டி முடிக்கப்படும் வண்டியைக் 'கிட் கார்' என்பர். இவ்வழக்கம் செழித்து வளர்ந்த நாடு பிரிட்டன். 1957ஆம் ஆண்டு காலின் சாப்மன் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' என்னும் சிறு வண்டி இவ்வகையின் முன்மாதிரியாயிற்று. அக்காலத்தில் முழுமையான புதிய மகிழுந்துக்குக் கொள்முதல் வரி உண்டு. பகுதிகளாக விற்கப்படும் தொகுப்புக்கு அவ்வரி இல்லை. எனவே சற்றே கைத்திறன் உடையவர்கள் குறைந்த செலவில் விரைவான வண்டி ஒன்றைப் பெற முடிந்தது. 1973இல் மதிப்புக்கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவன் வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. சலுகை போயினும் வழக்கம் போகவில்லை.

1996இல் ரான் சாம்பியன் என்பார், 250 பவுண்டு செலவில் நீங்களே விளையாட்டு மகிழுந்து கட்டலாம் என்னும் அறிவிப்பைத் தலைப்பிலேயே தாங்கிய நூலொன்றை எழுதினார். சதுரக் குழல் வடிவ மென் எஃகை அறுத்துப் பற்றவைத்து அடிச்சட்டத்தைக் கட்டுவது, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் வண்டி ஒன்றிலிருந்து எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை எடுத்துக்கொள்வது என்பது அவர் காட்டிய வழி. 'லோகாஸ்ட்' என வழங்கும் அவ்வகை வண்டிகள் பல நாடுகளில் கட்டப்பட்டன.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

எஸ்கார்ட்டில் இருந்த 'கென்ட்' எஞ்சின் எளியது, உறுதியானது. அதன் 1.6 லிட்டர் வகை, சற்றே திறன் கூட்டப்பட்ட வடிவில், ஏறத்தாழ 85 குதிரைத்திறன் தரும். அதனோடு இணைந்தது நான்கு வேகக் கியர் பெட்டி. ஆனால், 1980இல் எஸ்கார்ட் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. பழைய வண்டிகள் குறையக் குறைய, அவற்றின் எஞ்சின்களும் அரிதாயின; விலையும் ஏறியது. பின்சக்கர இயக்கம் கொண்ட சியெரா 1982இல் வந்தது. அதனிடமிருந்து 'டைப்-9' எனப்படும் ஐந்து வேகக் கியர் பெட்டி கிடைத்தது. 1993இல் சியெராவின் இடத்துக்கு வந்த மொண்டியோவோ முன்சக்கர இயக்கம் உடையது. அதன் 2 லிட்டர் 'ஸெட்டெக்' எஞ்சின் 16 வால்வுகள் கொண்டது. சுமார் 130 குதிரைத்திறன் தரவல்லது. உடைப்புக் களங்களில் மலிவாகவும் கிடைத்தது.

இவ்வாறு, எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கியர் பெட்டி வேறொரு வண்டியிலிருந்தும் வர, அவை இரண்டும் மூன்றாம் வண்டி ஒன்றில் சந்திக்க நேர்ந்தது. ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருப்பினும் அவை ஒன்றுக்கொன்று அறிமுகமற்றவை. அவற்றுக்கிடையே பார்க்க வேண்டிய பொருத்தங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

இடப் பொருத்தம்

மொண்டியோவில் எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். செவன் வகை வண்டியிலோ அது நெடுக்குவாட்டில் நிற்க வேண்டும். ஆகவே எஞ்சினை ஒரு கால் வட்டம் திருப்புகிறோம். சொல்வதற்கு எளிதான இத்திருப்பம் பலவற்றைப் புரட்டிப் போடுகிறது. எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து சுடுநீர் வெளியேறும் வாய், கியர் பெட்டியின் பக்கமாக அமைந்தது. திருப்பிய பின் அது ஓட்டுநரின் காலடிச் சுவரை முட்டி நிற்கும். ஆதலின் நீரை முன்பக்கம் கொண்டுவரத் தனிக்குழாய் செய்தாக வேண்டும்.

எஞ்சினின் உயரமும் அப்படியே. அதைத் தாழ்த்தி வைத்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி சாலையை உரசும். உயர்த்தி வைத்தால் மேல்மூடி மூடாது. பெரும்பாலோர் எண்ணெய்த் தொட்டியின் அடியை வெட்டி ஆழத்தைக் குறைக்கின்றனர். ஆழத்தைக் குறைத்தவர், எண்ணெயை உறிஞ்சும் குழாயின் நீளத்தையும் குறைக்க வேண்டும். குறைந்த கொள்ளளவை ஈடுசெய்யத் தொட்டியைப் பக்கவாட்டில் அகலப்படுத்தவும் வேண்டும். மேலும், குறுக்கே படுத்திருந்த எஞ்சினில் வளைவுகளில் திரும்பும்போது எண்ணெய் தொட்டியின் நீளவாக்கில் ஓடும். நெடுக்கே நிற்கும் எஞ்சினில் அதுவே அகலவாக்கில் ஓடும். பழைய தடுப்புத் தகடுகள் முதல் நிலைக்கென அமைந்தவை. இரண்டாம் நிலைக்கு அவை போதா. உறிஞ்சு குழாய் எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சினால், சில நொடிகளில் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் பாழாகும்.

இவற்றையெல்லாம் காகிதத்தில் மட்டும் கணித்தல் கடினம். எனவே அனுபவமுடையோர் உள்ளுறுப்புகள் நீக்கப்பட்ட வெற்று எஞ்சின் உடல் ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்து, மரக்கட்டைகளால் தாங்கி, அளந்து பார்க்கின்றனர். ஸ்டீயரிங் தண்டு எங்கே செல்கிறது, புகைக்குழாய்க்கு வழி உண்டா, கியர் நெம்புகோல் ஓட்டுநரின் கைக்கு எட்டுமா என்பவற்றை உறுதிசெய்த பின்னரே தாங்கிகளைப் பற்றவைக்கின்றனர். பற்றவைப்பு இறுதிப் படியே அன்றித் தொடக்கம் அன்று.

அச்சுப் பொருத்தம்

எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பது மணி வடிவிலான ஓர் உறை. அதன் ஒரு முகத்திலுள்ள துளைகள் எஞ்சினோடும் மறு முகத்திலுள்ளவை கியர் பெட்டியோடும் ஒத்துப்போக வேண்டும். டைப்-9 பெட்டியின் மணியுறை தனியே கழற்றக்கூடியது. அதனால்தான் அப்பெட்டி பலவகை எஞ்சின்களோடு சேர்கிறது. தகுந்த உறைகளை வார்த்து விற்கும் பட்டறைகளும் உள்ளன.

ஆனால், திருகாணிகள் ஏறிவிட்டமையால் மட்டும் பொருத்தம் அமைந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. எஞ்சினின் கிராங்க் தண்டும் கியர் பெட்டியின் உள்நுழை தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு அளவிலான பிறழ்வும் நாளடைவில் பேரிங்கைத் தின்றுவிடும். இங்கே மறைந்திருக்கும் குறை ஒன்றுண்டு. பின்சக்கர இயக்க வண்டியில், உள்நுழை தண்டின் முனையைத் தாங்குவதற்குக் கிராங்க் தண்டின் நடுவே சிறு பேரிங் ஒன்று இருக்கும். முன்சக்கர இயக்கத்துக்கென வந்த எஞ்சினில் அதற்குத் தேவை இராமையால் அது வைக்கப்படுவதில்லை. அதனைத் தேடிப் பொருத்தாமல் விட்டவரின் வண்டி முதல் நாளில் நன்றாகவே ஓடும். தாங்கலற்ற தண்டு பிறகு மெல்ல மெல்லக் கியர் பெட்டியைக் கெடுக்கும். உடனே தெரியாத பிழையே இப்பணியில் பெரிதும் அஞ்சத்தக்கது.

கிளட்ச் இரு நாட்டு எல்லை போன்றது. அதன் அழுத்தத் தட்டு எஞ்சினின் சுழற்சக்கரத்துக்கு உரியது. அதன் நடுவிலுள்ள வட்டத் தட்டின் பற்கள் கியர் பெட்டியின் தண்டுக்கு உரியவை. எனவே ஒரு வண்டியின் கிளட்ச்சை முழுமையாக எடுத்துப் போடுதல் இயலாது. இரு பக்கத்துக்கும் ஏற்ற பகுதிகளைத் தனித்தனியே தேர்ந்து சேர்க்க வேண்டும்.

வேகப் பொருத்தம்

கணித ஆசிரியர்களுக்கு இப்பகுதி பயன் தரும். டைப்-9 பெட்டியில் முதல் கியரின் விகிதம் 3.65, நான்காம் கியர் நேரடியானது, அதாவது 1, ஐந்தாம் கியர் 0.82. பின் அச்சின் விகிதம் 3.89 எனவும், சக்கரத்தின் சுற்றளவு 1.74 மீட்டர் எனவும் கொள்வோம். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,667 மீட்டர் கடக்கிறது. அதனைச் சுற்றளவால் வகுத்தால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 958 முறை சுழல்வது தெரியும். நான்காம் கியரில் எஞ்சினின் சுழற்சி 958 × 3.89, அதாவது ஏறத்தாழ 3,730. ஐந்தாம் கியரில் அதுவே 0.82 மடங்காகி, ஏறத்தாழ 3,060 ஆகக் குறைகிறது. நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருளும் ஏன் குறைகின்றன என்பதற்கு இந்த ஒரு பெருக்கலே விடை.

அடுத்து விசையைக் காண்போம். பழைய எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 125 நியூட்டன்-மீட்டர் எனவும், புதியது சுமார் 175 எனவும் வைத்துக்கொண்டால், உயர்வு 40 விழுக்காடு. முதல் கியரில் பின் அச்சுக்கு வந்து சேர்வது 175 × 3.65 × 3.89, அதாவது ஏறக்குறைய 2,480 நியூட்டன்-மீட்டர். பழைய எஸ்கார்ட்டின் பின் அச்சு இதனை எதிர்பார்த்து வடிக்கப்பட்டதன்று. எஞ்சின் வலுத்தால் சங்கிலியின் அடுத்த மெலிந்த கண்ணி எதுவெனத் தேட வேண்டும் என்பது இங்குப் பெறும் பாடம்.

கியர் பெட்டியின் நீளம் மாறியதால், பின் அச்சுக்குச் செல்லும் உந்துதண்டின் நீளமும் மாறும். அதை வெட்டி இணைத்தபின் சமநிலைப்படுத்தாவிடில் வண்டி முழுவதும் அதிரும். அத்தண்டின் இரு முனைகளிலும் குறுக்கு மூட்டுகள் உள்ளன. சாய்வாக இயங்கும் குறுக்கு மூட்டு, சீரான சுழற்சியை வாங்கிச் சீரற்ற சுழற்சியாகத் தரும் இயல்புடையது. சாய்வு 10 பாகையாயின், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கூடியும் குறைந்தும் மாறும். இரு முனைகளின் சாய்வும் சமமாக இருந்து, மூட்டுகளும் ஒரே வரிசையில் அமைந்தால், முன் மூட்டு செய்த பிழையைப் பின் மூட்டு திருத்திவிடும். ஆகவே எஞ்சினைச் சற்றே சாய்த்து வைக்கும் ஒருவர், தாம் அறியாமலே பின் அச்சின் கோணத்தையும் பேசுகிறார்.

குறிப்புப் பொருத்தம்

பழைய கென்ட் எஞ்சின் கார்புரேட்டரால் மூச்சுவிட்டது. ஸெட்டெக் எஞ்சினோ உணரிகள் அனுப்பும் குறிப்புகளைக் கொண்டு ஒரு சிறு கணினியால் ஆளப்படுவது. தீப்பொறி எப்போது எழ வேண்டும் என்பதை முடிவு செய்ய, கிராங்க் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கணினி அறிந்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடு நயமானது. சுழலும் வட்டம் ஒன்றில் 10 பாகைக்கு ஒன்றாக 36 பற்களுக்கு இடம் வகுத்து, ஒரு பல்லை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றனர். உணரி 35 பற்களைக் கண்டு, விடுபட்ட இடத்தையும் காண்கிறது. அந்த வெற்றிடமே தொடக்கப் புள்ளி. இல்லாத பல்லே எல்லாப் பற்களுக்கும் பொருள் தருகிறது.

ஸெட்டெக் எஞ்சினில் இவ்வடையாளம் சுழற்சக்கரத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. புதிய கியர் பெட்டிக்கும் கிளட்ச்சுக்கும் ஏற்ப வேறு சுழற்சக்கரம் வாங்கியவர், அடையாளத்தையும் கூடவே இழந்திருக்கலாம். அப்போது முன்பக்கக் கப்பியில் தனியே ஒரு பற்சக்கரம் பொருத்த நேரும். கிளட்ச்சுக்காகச் செய்த மாற்றம் தீப்பொறியைத் தடுத்தது என்றால், தொடர்பு தெரியாதவருக்கு அது மாயமாகவே தோன்றும்.

எரிபொருளும் இவ்வாறே. கார்புரேட்டருக்குச் செல்லும் எரிபொருளின் அழுத்தம் மிகக் குறைவு. பீய்ச்சு முறைக்கோ சுமார் 3 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ மும்மடங்கு தேவை. பழைய இரப்பர்க் குழாயையும் எளிய பட்டைகளையும் அப்படியே விட்டால், கழன்ற குழாயிலிருந்து பெட்ரோல் சூடான புகைக்குழாயின்மேல் பீறிடக்கூடும். இங்குச் சிக்கனம் பார்ப்பது நெருப்போடு பேரம் பேசுவதாகும்.

மிக எளிய ஒரு கம்பியையும் மறத்தலாகாது. எஞ்சின் இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் சட்டத்தோடு மின்தொடர்பு அற்றது. தடித்த நிலக்கம்பி ஒன்று இரண்டையும் இணைக்க வேண்டும். அதனை மறந்தால், எஞ்சினை முடுக்கும் பெரிய மின்னோட்டம் வேறு வழி தேடிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் கம்பிவடமோ கிளட்ச் கம்பிவடமோ அவ்வழியாகிச் சூடேறி உருகுவதும் உண்டு.

நிறுத்தப் பொருத்தம்

இதுவரை கண்டவை வண்டியை ஓட்டுவதற்கு. இனிக் காண்பது அதனை நிறுத்துவதற்கு. இவ்வகை வண்டியின் எடை ஓட்டுநரோடு 600 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 230 கிலோஜூல். 140 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 450 கிலோஜூல். வேகம் 40 விழுக்காடு கூட, பிரேக் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டிய ஆற்றலோ இரு மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்னும் வகுப்பறை வாய்பாடு, சாலையில் நிறுத்தத் தொலைவாக உருவெடுக்கிறது.

எஞ்சினின் திறன் ஒன்றரை மடங்கானால் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதற்கேற்ப உயரும். எடையின் பகிர்வு மாறினால் முன், பின் பிரேக்குகளின் பங்கும் சுருள்வில்களின் வலுவும் மாற வேண்டும். திறனைக் கூட்டுகிறவர் முதலில் பிரேக்கைக் கூட்டுக என்பது அறிவுரை மட்டுமன்று. கணக்கு கூறும் முடிவு.

சட்டப் பொருத்தம்

வீட்டில் கட்டப்பட்ட வண்டிகளைச் சாலைக்கு விடுமுன் தனித்தனியே சோதிக்கும் முறையைப் பிரிட்டன் 1998இல் கொணர்ந்தது. 2009இல் விரிவான ஒப்புதல் சோதனை அதன் இடத்தைப் பெற்றது. ஸ்டீயரிங், பிரேக், விளக்குகள், புகை, கூரிய விளிம்புகள் எனப் பலவும் அதில் ஆராயப்படும். பின்னர் எஞ்சின் மாற்றப்பட்டால் அதனை வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் இன்றி எஞ்சினை மாற்றிச் சாலையில் ஓட்டலாகாது என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இச்சட்டங்கள் ஆர்வத்துக்குத் தடை போட வந்தவை அல்ல. கட்டியவரின் கண் தன் வேலையில் காணத் தவறியதை மற்றொரு கண் காண வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

எளிய வழி உண்டா?

உண்டு. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரிக்காமல் ஒரே வண்டியிலிருந்து எடுத்துக்கொள்வதே அது. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில் எஞ்சின் நெடுக்குவாட்டில் நிற்கும். இயக்கம் பின்சக்கரங்களுக்குச் செல்லும். அவ்விணையை அப்படியே பெயர்த்து வைத்தால், அச்சுப் பொருத்தமும் கிளட்ச் பொருத்தமும் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்தவை. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பயன்படுத்துவோரும் உளர். அதில் கியர் பெட்டி எஞ்சினுக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆனால் பின்னோக்கிச் செல்லும் கியர் பொதுவாக இராது. எவ்வழியைத் தேர்ந்தாலும் சில பொருத்தங்கள் நமக்காக முன்பே பார்க்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றை நாமே பார்க்க வேண்டும்.

முடிவாக

மாணவர்களே, பாடநூலில் விகிதம் ஓர் இயலில், ஆற்றல் ஓர் இயலில், மின்னோட்டம் வேறோர் இயலில் உள்ளன. இயந்திரத்துக்குள் அவ்வியல்களுக்கிடையே சுவர் இல்லை. எண்ணெய்த் தொட்டியை வெட்டியவர் உறிஞ்சு குழாயையும், சுழற்சக்கரத்தை மாற்றியவர் தீப்பொறியையும், திறனைக் கூட்டியவர் பிரேக்கையும் தொட்டவராகிறார். 'இதை மாற்றினால் வேறு எது மாறும்?' என்னும் வினாவை ஒவ்வொரு படியிலும் கேட்கும் பழக்கமே பொறியியலின் தொடக்கம். ஆசிரியப் பெருமக்கள் இவ்வினாவை வகுப்பறையில் ஒரு முறையேனும் முழுமையாக நடத்திக் காட்டினால், அது பல வாய்பாடுகளினும் நெடுநாள் நிலைக்கும்.

எஞ்சினை ஏற்றுதல் ஒரு நாள் வேலை. அது அங்கே இருக்கத் தகுதியுடையதா எனச் சரிபார்த்தலோ பல மாதப் பணி. அவசரப்பட்டு அந்த மாதங்களை மிச்சப்படுத்த முயல்வோர், ஓட்டுநர் இருக்கையில் தாம் மட்டும் அமரப்போவதில்லை என்பதையும், அருகில் ஓர் இருக்கை உண்டு என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.